திருகோணமலைக்குப் போகச் சொன்ன காரணங்கள்

"கடற்காத்து இஞ்சயும் வீசுதாம்" என்றார் என் வீட்டுக்காரர். "பின்னேரத்தில உன்னைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டாம்."

நாங்கள் ட்ராமில் இருந்தோம். கிராண்பாஸிலிருந்து கோட்டைக்கு ஓடும் ட்ராம். பக்கச் சுவர் இல்லாத வண்டி. மழை பெய்து விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். இருக்கைப் பலகை ஈரமாக இருந்ததால் தன் கைக்குட்டையை விரித்து என்னை இருத்திவிட்டு, அவர் ஈரத்தில் இருந்தார். துறைமுகப் பக்கமிருந்து தார் வாசமும் கருவாட்டு வாசமும் மாறி மாறி வந்தன. அவருடைய காக்கிச் சட்டையில் மட்டும் எந்த நாளும் வறுத்த வெங்காயம் மணக்கும். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் அது போகாது.

"ஆர் சொன்னது?"

"கப்டன் துரைதான். வேற ஆர்?"

"அப்ப மாத்தம் இல்லையாமோ?"

"இன்னும் அஞ்சு வருசத்துக்குச் சைன் பண்ணு, சந்தோசம் எண்டார். ஆனா இஞ்சதானாம். ‘என்ர குசினிய விட்டிட்டு நீ எங்கயும் போகேலாது’ எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லுறார். சிரிச்சுக்கொண்டு சொல்லுற மனிசனோட நான் என்னத்தைக் கதைக்கிறது?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். அழுகை எங்கோ மருதானையில் நின்று மினைக்கெடும். கோபம் அதற்கு முன்னமே வீட்டுக்கு வந்துவிடும்.

"நீங்க ஓம் எண்டிட்டீங்களோ?"

"ஓம் எண்டும் சொல்லேல்ல, இல்லை எண்டும் சொல்லேல்ல. நத்தாருக்குள்ள, பாலன் பிறக்கிறதுக்கு முன்ன, முடிவு சொல்ல வேணுமாம்."

ட்ராம் கோட்டையில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நாங்கள் இறங்கவில்லை. கொண்டக்டர் எங்களை நன்றாக அறிவார். "ஆயெத் கிராண்பாஸ் த?" மறுபடியும் கிராண்பாஸுக்கா என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்துவிட்டு, நாங்கள் பதில் சொல்லுமுன்பே டிக்கெட்டைக் கிழித்தார்.

ட்ராமில் ஒரு குடித்தனம்

என் கலியாணத்தைப் பற்றிச் சென்ற கிழமை எழுதியதைப் படித்துவிட்டு, கிருலப்பனையிலிருந்து ஒரு வாசகி டெலிபோன் எடுத்தார். "அக்கா, தாலி கட்டினதோட நிப்பாட்டிப்போட்டீங்க. அதுக்குப் பிறகு எங்க குடித்தனம் நடத்தினீங்க?" என்று கேட்டார். ட்ராமில்தான் தங்கச்சி. பகிடி இல்லை.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில், பெரிய கோயிலுக்குப் பின்பக்கம் போகும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. எங்கள் வீடு என்றால் என் அண்ணனின் வீடு. அண்ணன் சூசை துறைமுகத்தில் கப்பல் சாமான் கணக்கெடுக்கும் கிளாக். முன்னால் ஒரு கூடம், நடுவில் ஓர் அறை, பின்னால் குசினி, அவ்வளவுதான் வீடு. அறை அண்ணனுக்கும் அண்ணிக்கும் கைக்குழந்தைக்கும். மிச்சப் பிள்ளைகளும், அப்பாவின் தமக்கையான எங்கள் பெரிய மாமியும், நானும் கூடத்தில்.

எனக்குக் கலியாணமானதும் அண்ணி தன் பழைய சேலை ஒன்றைக் கூடத்தின் மூலையில் குறுக்காகக் கட்டிவிட்டா. அதுதான் எங்கள் மணவறை. சேலைக்கு இந்தப்பக்கம் நாங்கள் இருவரும், அந்தப்பக்கம் பிள்ளைகள், எங்கள் தலைமாட்டுக்கு நேரே மாமி. மாமிக்குக் கண் மங்கியிருந்தது. அதற்கு ஈடாக ஆண்டவர் அவவுக்கு நல்ல காது கொடுத்திருந்தார்.

என் வீட்டுக்காரர் முகத்துவாரத்தில் கடலைப் பார்த்து நின்ற பீரங்கிப் படையில் இருந்தார். கிழமையில் சனிக்கிழமை இரவு மட்டும்தான் அவருக்கு வெளியில் தங்க அனுமதி. அந்த ஓர் இரவிலும் மாமி இருமுவா. ஒரு பிள்ளை தண்ணீர் கேட்கும். இன்னொன்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமா, தொப்பியைத் தாங்கோ" என்று நிற்கும்.

இப்படி மூன்று வருஷம். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தால் மனுஷிகள் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், வயிற்றைத்தான் பார்ப்பார்கள். "இன்னும் ஒண்டும் இல்லையோ பிள்ளை? அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தன்" என்பார்கள். அந்தோனியார் என்ன செய்வார்? மாமியின் காதைப் பற்றி அவருக்கும் தெரியும்.

தனியாக ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். யுத்தம் முடிந்த கையோடு கொழும்பில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் கிழமையில் ஆறு நாள் நான் அங்கே தனியாக இருக்கவேண்டும். அண்ணன் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது. அண்ணன் தங்கமான மனிதர். ஆனால் ஊர் என்ன சொல்லும் என்பது அவருக்கு வேதவாக்கு.

அதனால்தான் ட்ராம். சனிக்கிழமை இரவு பேச முடியாததையெல்லாம் ஞாயிறு பின்னேரம் ட்ராமில் பேசினோம். அந்த வண்டி போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல் விளங்காது. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே, அவர் முகாமுக்குத் திரும்பும் நேரம் வரும்வரை. இன்று வெள்ளவத்தையில் என் ஜன்னலுக்குக் கீழே ரெயில் போகும்போது அக்கம்பக்கத்தில் எல்லோரும் சத்தம் சத்தம் என்று சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது வாய் திறந்து கதைக்கச் சொல்வதுபோல இருக்கும்.

திருகோணமலைப் பேச்சு வந்ததும் ட்ராமில்தான். யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் கப்பலேறிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்களிலும் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். விரும்பியவர்கள் மறுபடி கையெழுத்துப் போட்டு நிற்கலாம். திருகோணமலையில் வீடுகள் காலியாகிக் கிடக்கின்றன, அங்கே மாற்றம் எடுத்தால் கலியாணம் முடித்தவனுக்குப் பெண்சாதியோடு இருக்கத் தனி வீடு தருகிறார்கள் என்று அவர் சொன்னபோது, நான் ட்ராம் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தனி வீடோ?"

"ரெண்டு அறையாம். ஒரு குசினியாம்."

"வேற ஆரும் இல்லையோ?"

"நீயும் நானும்."

கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லை. கொழும்பில் போட்டால் இன்னும் ஐந்து வருஷம் சேலைக்குப் பின்னால். திருகோணமலை ஒன்றுதான் வழி. அதற்கு அவருடைய கப்டன் விட்டுக்கொடுக்க வேண்டும்.

பீரங்கிக்காரர் அகப்பை பிடித்தது

கப்டன் ஏன் விடமாட்டார் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சேர்ந்தது பீரங்கி சுட. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட அந்த உயிர்த்த ஞாயிறு அன்று காலையில் அவரும் சுட்டார். எதிலாவது பட்டதா என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. ஓய்ந்துபோய்ச் சாப்பாட்டுக்கு வந்தால் குசினியில் ஆள் இல்லை. சமையற்காரன் அகப்பையை அண்டாவுக்குள்ளேயே விட்டுவிட்டு ஊருக்கு ஓடிவிட்டான்.

என் வீட்டுக்காரர் ஓடவில்லை. அது வீரம் என்று அவர் சொல்லுவார். ஓடிப்போவதற்கு அவருக்கு வீடு இருக்கவில்லை என்பதுதான் உண்மை. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, துறைமுக வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சித்தப்பாவிடம் வளர்ந்தவர். கண்ணை மூடிக்கொண்டு நூறு பேருக்குச் சமைப்பார். அன்று சோறும் பருப்பும் மாசிச் சம்பலும் ஆக்கிப் போட்டார். கப்டனும் நின்ற நிலையிலேயே ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். சாப்பிட்டுவிட்டு, "நீ இனிமேல் பீரங்கிப் பக்கம் போகாதே" என்று சொன்னாராம்.

அந்தக் கப்டன் நெடுங்காலம் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத் துரையாக இருந்தவர். ஞாயிறு மத்தியானம் சோறும் கறியும் சாப்பிடாவிட்டால் அவருக்கு அது ஞாயிறு இல்லை. அதற்காக என் வீட்டுக்காரர் ஞாயிறு காலையிலேயே முகாமுக்குப் போய்ச் சமைத்துக் கொடுத்துவிட்டு, பின்னேரம் ட்ராமுக்குத் திரும்பி வருவார். விரலால் பிசைந்துதான் சாப்பிடுவார். ஊரில் உள்ள துரைமாரையெல்லாம் அழைத்துவந்து என் வீட்டுக்காரரின் கோழிக்கறியைக் காட்டிப் பெருமையடிப்பார். அப்படிப்பட்டவர் எப்படி விடுவார்?

எழுத வெட்கப்பட்ட காரணம்

மாற்றம் கேட்கும் விண்ணப்பத்தில் காரணம் எழுதவேண்டும். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு காரணம்: புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து இருக்கவேண்டும். அதை எப்படி எழுதுவது? பட்டாளத்துக் கந்தோரில் கிளாக்மார் வாசிப்பார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் கோயிலுக்கு வருகிறவர். அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்னமே கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரிந்துவிடும். சூசையின் தங்கச்சிக்குப் புருஷன் வேண்டுமாம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். நினைக்கவே எனக்கு உடம்பு கூசியது.

அதனால், பெண்சாதிக்குச் சுகமில்லை, கடற்காற்று நல்லது என்று டாக்டர் சொன்னார் என்று எழுதினோம். கொட்டாஞ்சேனையில் எந்த மாடியில் ஏறினாலும் கடல் தெரியும் என்பது எங்கள் இருவருக்குமே அப்போது நினைவுக்கு வரவில்லை. கப்டனுக்கு வந்தது. அந்தப் பதிலைத்தான் முதலில் சொன்னேன்.

அடுத்ததாக, திருகோணமலை மாதா கோயிலுக்கு நேர்த்தி இருக்கிறது என்றோம். கப்டன் அதை மிகவும் மரியாதையாகக் கேட்டு, மூன்று நாள் லீவு கொடுத்து, கையும் குலுக்கி அனுப்பினார். வைக்காத நேர்த்திக்கு ரெயிலேறிப் போய்க் கடன் தீர்த்துவிட்டு வந்தவர்கள் உலகத்தில் நாங்கள் இருவராகத்தான் இருக்கும்.

போன இடத்தில் அந்த வீடுகளைப் பார்த்தோம். உள்ளே போக அனுமதி இல்லை, வீதியில் நின்று பார்த்தோம். ஓடு போட்ட வரிசை வீடுகள், சுண்ணாம்பு அடித்த சுவர், முன்னால் ஒரு முழத்துக்குப் பூங்கன்று. ஒரு வீட்டு வாசலில் நின்ற மனுஷி எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. நகைக்கோ சேலைக்கோ நான் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. அந்தத் தாழ்ப்பாளுக்குப் பொறாமைப்பட்டேன். என்னையறியாமல் கண் நிறைந்தது.

"என்ன?" என்றார் அவர்.

"தூசி" என்றேன்.

கறியைக் கெடுங்கோ

திரும்பி வந்து மறுபடி ட்ராம் ஏறினோம். அன்றுதான் நான் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, உங்கட சமையலாலதானே அவர் விடுறார் இல்லை? அப்ப கறியைக் கெடுங்கோ."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். சிலுவையை மிதிக்கச் சொன்னதுபோல் முகம் போயிற்று.

"கூப்பன் அரிசி காலத்தில சாப்பாட்டைக் கெடுக்கிறதோ? பாவம் பிள்ளை."

"பாவமெண்டால் சங்கீர்த்தனம் செய்யுங்கோ. சுவாமி மன்னிப்பார். கப்டன் மாத்தம் தருவார்."

கோட்டை போய்த் திரும்பும்வரை கைக்குட்டையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். இறங்கும்போதுதான் சொன்னார். "பொடியன்மாற்ற சாப்பாட்டில நான் கைவைக்க மாட்டன். அவங்கள் பசியோட வாறவங்கள். ஆபிசர்மாற்ற மேசை மட்டும்தான்."

முதல் ஞாயிறு கறிகளில் உப்பைப் பாதியாகக் குறைத்தார். மிளகாயைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். கோவா என்கிற முட்டைக்கோசை வெள்ளைக்காரர்கள் அவிப்பதுபோல் கூழாகும்வரை அவித்தார். நடந்ததைக் கேளுங்கள். சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த ஓர் இளம் லெப்டினன்ட் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாம் தரமும் கேட்டார். கடைசியில் குசினி வாசலுக்கே வந்து, இலங்கைக்கு வந்த நாள்தொட்டு இன்றைக்குத்தான் நாக்கு எரியாமல் சாப்பிட்டேன் என்று நன்றி சொல்லிப் போனார்.

"நாசமாப் போச்சு" என்றேன் நான்.

"அந்தப் பொடியன் நல்ல பொடியன்" என்றார் என் வீட்டுக்காரர். சாப்பாட்டைப் புகழ்ந்தவனை, அது கெடுத்த சாப்பாடாக இருந்தாலும், அவரால் வெறுக்க முடியாது.

இரண்டாம் ஞாயிறு இன்னும் மோசமாக்கினார். அடுத்த சனிக்கிழமை வந்ததும் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். சுவாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ்வளவு மோசமாகவா இருந்தது?" என்று விசாரித்துவிட்டு, அபராதமாகச் செபமாலை சொல்லச் சொன்னாராம். பாவத்துக்கு ஏவியது நான், முழங்காலில் நின்றது அவர். அதற்கும் சேர்த்து அவர் என்னிடம் ஒரு சொல் கோபிக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு கப்டன் பிசைந்த கையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாராம். சத்தம் போடவில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டிருக்கிறார். "உன் மனைவிக்கு அவ்வளவு கடுமையா?"

இவர் நிலத்தைப் பார்த்திருக்கிறார். பொய் சொல்ல வாய் வராமல் நிலத்தைப் பார்த்தவரை, துக்கத்தில் நிலத்தைப் பார்க்கிறார் என்று கப்டன் எடுத்துக்கொண்டார். உயிருக்குயிரான பெண்சாதி சாகக்கிடந்தால் எவனுக்குக் கறியில் மனம் போகும்?

ஒழுங்கைக்குள் ஒரு ஜீப்

அன்று பின்னேரம் நாங்கள் ட்ராமுக்குப் புறப்படும் நேரம். ஒழுங்கைக்குள் ஜீப் சத்தம் கேட்டது. பிள்ளைகள் எல்லாம் வெளியே ஓடினார்கள். நான் குழாயடியில் பிடித்த தண்ணீர் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசலால் கூடத்துக்கு வந்தேன். முன்வாசலில் தலையைக் குனிந்து நுழைந்துகொண்டிருந்தார் கப்டன். கையில் ஒரு பை நிறையத் திராட்சை. அவருக்குப் பின்னால் சலீம் சார்ஜன்ட். கொம்பனித்தெருவைச் சேர்ந்த மலாய்க்காரர், எங்கள் தமிழும் நன்றாகப் பேசுவார், துரையின் ஆங்கிலமும் பேசுவார்.

அண்ணன் சாரத்தோடு நின்றவர், அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அண்ணி ஒரே ஒரு நல்ல கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டா. கப்டன் அதில் இருக்கவில்லை. நோயாளி எங்கே என்று கேட்டார்.

சார்ஜன்ட் சுற்றிப் பார்த்துவிட்டு, "வருத்தக்கார ஆள் எங்க ஈக்கி?" என்றார்.

"ஆருக்கு வருத்தம்?" என்றார் அண்ணன். அவருக்கு எங்களுடைய பொய் ஒன்றும் தெரியாது. "திரேசா, ஆருக்கு வருத்தம்?"

நான் இடுப்பில் வாளியோடு நின்றேன். அன்றைக்கு என் உடம்பு நல்ல கருங்காலிக் கட்டை. என் வீட்டுக்காரர் சுவரோடு சுவராக நின்றார். அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை.

கப்டன் என்னைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"தங்கச்சி, தொர கேக்கிறாரு" என்றார் சார்ஜன்ட். "ஒங்களுக்கு என்னா வருத்தம்? டாக்டருக்குக் காட்டினதா?"

நெஞ்சுவலி என்று சொன்னால் இப்போதே ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். ஒன்றும் இல்லை என்றால் என் வீட்டுக்காரர் துரையிடம் பொய் சொன்னவர் ஆவார். கையெழுத்தும் இல்லை, மாற்றமும் இல்லை, வேலையும் போய்விடும். அண்ணன் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி பார்த்துக்கொண்டு நின்றா. மாமி பாயில் எழுந்திருந்து, காதை இந்தப்பக்கம் திருப்பினா. வெட்கம் உச்சந்தலைக்கு ஏறியது. அதற்குப் பின்னாலேயே என் பழைய சிநேகிதமான கோபமும் ஏறியது.

வாளியை இறக்கி வைத்தேன்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சார்ஜன்ட் ஐயா. எனக்கு இவரோட இருக்க வேணும்."

கையை நீட்டி மூலையைக் காட்டினேன்.

"கலியாணம் முடிச்சு மூண்டு வருசம். இந்தச் சேலைக்குப் பின்னால கிழமைக்கு ஒரு ராவு. திருகோணமலையில வீடு குடுக்கினமாம். அங்க இவரோட இருக்க வேணும். அதை எழுத வெக்கத்திலதான் கடற்காத்தெண்டு எழுதினம். கறியைக் கெடுக்கச் சொன்னதும் நான்தான். இவரை ஏச வேண்டாமெண்டு துரையிட்ட சொல்லுங்கோ."

சார்ஜன்டின் காது சிவந்துவிட்டது. "ரப்பே, இத நான் தொரைக்கு எப்பிடி செல்ற தங்கச்சி?"

"நான் சொன்ன மாதிரியே."

நான் அவ்வளவு சொன்னதை அவர் இரண்டே வசனத்தில் சொல்லி முடித்தார். கப்டன் சிரிக்கவில்லை. மூலையில் கட்டியிருந்த சேலையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். பிறகு சார்ஜன்டிடம் ஏதோ கேட்டார், சார்ஜன்ட் பதில் சொன்னார். அதை எனக்கு அவர் மொழிபெயர்க்கவில்லை. என்ன கதைத்தார்கள் என்று பிறகு ஒருநாள்தான் தெரிந்தது. "இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை?" என்று துரை கேட்டாராம். "எங்கட ஆக்கள் இதையெல்லாம் எழுதமாட்டாங்க சேர்" என்றாராம் சார்ஜன்ட்.

எல்லாவற்றையும் பொறுத்த கப்டன் ஒன்றை மட்டும் பொறுக்கவில்லை. மூன்று ஞாயிறும் வேண்டுமென்றே கெடுத்த கறியா என்று இரண்டு தரம் திருப்பித் திருப்பிக் கேட்டார். முகம் அப்போதுதான் சிவந்தது. மாற்றம் தருகிறேன், ஆனால் உனக்குப் பதிலாக வருகிறவன் உன்னுடைய பருப்பை உன்னைப்போலவே ஆக்கும்வரை நீ இந்தக் குசினியை விட்டுப் போகமுடியாது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். திராட்சையை மாமியின் மடியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து வெளியே போனார்.

அண்ணனின் மௌனம்

அண்ணன் அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. ஏசவும் இல்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், என் முகத்தைப் பார்க்கமாட்டார். தாய் தகப்பனுக்குப் பிறகு என்னைத் தூக்கி வளர்த்த மனிதர். ஓர் அந்நிய ஆணின் முன்னால், பிள்ளைகளின் முன்னால், நான் சொன்ன அந்த வார்த்தை அவருக்கு அடி விழுந்த மாதிரித்தான் இருந்திருக்கும். அது எனக்கு விளங்கியது. நான் சொன்னது பிழை என்று அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. ஆனாலும் அந்த நாட்களில் நான் அழுத அழுகையை அதற்கு முன் ஒருநாளும் அழுததில்லை.

அண்ணி மட்டும் ஒருநாள் சட்டி கழுவும்போது, தலையை நிமிர்த்தாமல் சொன்னா. "எனக்கு அறை இருக்கு. கதவும் இருக்கு. ஆனாலும் ஒருநாளாவது உங்கட அண்ணனிட்ட இப்பிடி வாய் திறந்து சொன்னதில்லை." சொல்லிவிட்டுச் சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதுச் சமையற்காரனின் பருப்பு சரிவந்தது. நத்தாருக்கு முன்னமே என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். மருதானை ஸ்டேஷனுக்கு அண்ணன் வந்தார். என் ட்ரங்குப் பெட்டியைத் தானே தோளில் தூக்கி வந்து வண்டியில் ஏற்றினார். கார்ட் கொடி காட்டி வண்டி நகரும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு ஜன்னலோடு கூடவே நடந்து, என்னிடமல்ல, என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"அவளுக்கு இருட்டெண்டால் பயம். லாம்பைத் தணிச்சு விட்டிட்டுப் படுங்கோ, அணைக்க வேண்டாம்."

இரண்டு அறை, ஒரு குசினி

அந்த வரிசையில் கடைசி வீடு எங்களுக்குக் கிடைத்தது. பெட்டியை வைத்தோம். அவர் கதவைச் சாத்தினார். நான் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்தேன். எங்கும் ஆள் இல்லை.

இத்தனை பாடுபட்டு வாங்கிய வீட்டில் நாங்கள் என்ன செய்தோம் என்று நினைக்கிறீர்கள்? குசுகுசுத்தோம். தேத்தண்ணி வேண்டுமா என்று நான் அவர் காதுக்குள் கேட்டேன். ஓம் என்று அவர் தலையை ஆட்டினார். சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்தினோம். தட்டு வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தோம். பக்கத்து வீட்டுக்காரி, பாவம், நாங்கள் இருவரும் கதைபேச்சு இல்லாத சோடி என்று நினைத்து எனக்குப் புத்தி சொல்ல வந்தாள்.

பிறகு ஒருநாள் காலை. நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் அவர் எதையோ தேடியிருக்கிறார்.

"திரேசா! நெருப்புப்பெட்டி எங்க?"

அவருக்கு அவ்வளவு பெரிய குரல் இருந்தது எனக்குத் தெரியாது. வேலியில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. நெருப்புப்பெட்டி இருந்த இடம் எனக்குத் தெரியும். நான் பதில் சொல்லவில்லை. சவர்க்காரக் கையோடு அப்படியே இருந்தேன், இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று.